எட்டாம் நம்பர் ஷூ

அக்காவின் கால் ஐந்தாம் நம்பர். தம்பி அவளுக்குக் கொடுத்த சேஃப்டி ஷூ எட்டாம் நம்பர். கூடப்பிறந்தவனுக்குக்கூடவா அக்காவின் காலளவு தெரியாது என்று கேட்டுவிட வேண்டாம். நன்றாகவே தெரியும். தெரிந்துதான் கொடுத்தான். அவனுடைய ஸ்டோரில் அன்றைக்கு இருந்ததிலேயே சின்னது அதுதான்.

அது இரும்புக் குழாய் செய்கிற கம்பெனி. ஆண்கள் மட்டுமே வேலை பார்த்த இடம். இனிமேல் பெண்களையும் எடுக்கலாம் என்று மேலே யாரோ முடிவு செய்தார்கள். அப்படி முடிவு செய்தவர்கள் பெண்களுக்கும் கால் உண்டு என்பதை மட்டும் மறந்துவிட்டார்கள். தம்பி அங்கே ஸ்டோர்கீப்பர். அவன் ஒரு வார்த்தை சொன்னதால்தான் அக்காவுக்கு அந்தக் கான்ட்ராக்ட் வேலை கிடைத்தது. அதை அவன் வாய்விட்டுச் சொல்லிக் காட்டியதில்லை. ஆனால் அவள் அதை மறந்துவிடும்படி ஒரு நாளும் விட்டதில்லை.

அவளுக்குச் சோதனைப் பிரிவில் வேலை. குழாய் முனையில் திருகுவதற்காக வெட்டியிருக்கும் மரையில், கேஜ் என்கிற அளவுக் கருவியை மாட்டிச் சுற்றிப் பார்க்க வேண்டும். சரியாக இருந்தால் சாக்பீஸால் ஒரு கோடு, இல்லையென்றால் ஒரு பெருக்கல் குறி. பிறகு மரை நசுங்காமல் இருக்க ஒரு பிளாஸ்டிக் மூடி. ஒரு ஷிப்டுக்கு நானூறு குழாய். மூன்றே மாதத்தில், கேஜ் போடுவதற்கு முன்பே விரலால் தடவிப் பார்த்து இது தேறும், இது தேறாது என்று சொல்லும் அளவுக்குக் கை பழகிவிட்டது. அவளை எல்லோரும் கேஜ் அக்கா என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். கேஜ் சொன்னாலும் கேஜ் அக்கா சொல்லட்டும் என்று சூப்பர்வைசரே ஒருமுறை சிரித்துக்கொண்டு சொன்னார். பல வருஷங்களுக்குப் பிறகு அவளைப் பற்றி ஒருவர் சொன்ன நல்ல வார்த்தை அது.

ஷூ கொடுத்த அன்று தம்பி ரெஜிஸ்டரை அவள் பக்கம் திருப்பி வைத்தான். ஆளுக்கு ஒரு பக்கம். பெயர், பிரிவு, அளவு, கையெழுத்து என்று கட்டம் போட்டிருந்தது. அளவு என்ற கட்டத்தில் ஏற்கெனவே ஐந்து என்று எழுதியிருந்தான். அவள் நிமிர்ந்து பார்த்ததும் குரலைத் தாழ்த்தினான்.

"உன் ஃபாரத்துல அஞ்சுன்னு இருக்குக்கா. இங்க எட்டுன்னு எழுதினா ஏன் தப்பான ஷூ குடுத்தேன்னு என்னைத்தான் கேப்பாங்க. ஒரு பத்து நாள் சமாளி. அஞ்சு வந்ததும் மாத்திக் குடுத்துடறேன்."

கையெழுத்துப் போட்டுவிட்டாள். சின்ன வயதில் அவன் உடைத்த கண்ணாடிக்கெல்லாம் நான்தான் உடைத்தேன் என்று முன்னால் போய் நின்று அடி வாங்கியவளுக்கு ஒரு கையெழுத்தா பெரிது.

பத்து நாள் பத்து மாதமானது. முதலில் கேட்டபோதெல்லாம் இன்னும் வரவில்லை என்றான். அப்புறம் வேறு ஒன்று சொன்னான். ரெஜிஸ்டரில் பக்கத்துக்குப் பக்கம் நம்பர் அச்சடித்திருக்கிறது, கிழிக்கவும் முடியாது, அடித்துத் திருத்தவும் முடியாது, உன் பெயரில் ஐந்து கொடுத்தாயிற்று என்று இருக்கும்போது இன்னொரு ஐந்தை எப்படி எழுதுவது என்றான். அவன் சொன்ன விதத்தில் அந்த ரெஜிஸ்டரைத் தொட்டால் வானமே இடிந்து விழும்போல இருந்தது. அவளும் கேட்பதை விட்டுவிட்டாள்.

பெரிய ஷூவைக் காலில் நிறுத்தி வைக்க அவள் கண்டுபிடித்த வழி பழைய சாக்ஸ். மகள் பத்தாவது படிக்கிறாள். அவளுக்குச் சிறிதாகிப்போன பள்ளிக்கூட சாக்ஸையெல்லாம் சுருட்டி ஷூவின் முன்பக்கத்தில் திணித்து, அதன் பிறகு காலை விடுவாள். மகளுக்கு வாய் கொஞ்சம் நீளம்.

"ஒண்ணாங்கிளாஸ்ல இருந்து எட்டாங்கிளாஸ் வரைக்கும் நான் உன் ஷூக்குள்ளதாம்மா இருக்கேன்" என்று கிண்டல் செய்வாள்.

இந்த ஷூவோடுதான் அக்கா மோட்டார் சைக்கிள் ஓட்டினாள். அது அவள் புருஷனுடையது. வேறொரு ஊரில் வேறொரு குடும்பம் பார்த்துக்கொண்டு போன மனிதர் விட்டுச்சென்றவற்றில் ஓடுகிற நிலையில் இருந்தது அது ஒன்றுதான். கம்பெனி ஊருக்கு வெளியே. காலை ஷிப்டுக்குப் பஸ் கிடையாது. அவள் முப்பத்தாறு வயதில் ஒரு காலி மைதானத்தில் விழுந்து எழுந்து கிளட்ச் பழகினாள். தெருவில் பார்த்தவர்கள் ஒரு வாரம் சிரித்தார்கள், இரண்டாவது வாரம் அவர்களுக்கே அலுத்துவிட்டது.

முனையில் இரும்புத் தொப்பி வைத்த ஷூவைப் போட்டுக்கொண்டு வண்டி ஓட்டக் கூடாது என்று சேஃப்டி ஆபீசர் மாதம் ஒருமுறை எல்லோரையும் நிற்க வைத்துப் பேசுவார். கால் விரலுக்கு கியர் தெரியாது, முனை போய் லீவருக்கு அடியில் மாட்டிக்கொள்ளும், வீட்டிலிருந்து சாதாரண ஷூவில் வந்து இங்கே மாற்றிக்கொள்ளுங்கள் என்பார். பேச்சில் ஒரு குறையும் இல்லை. இங்கே என்றால் எங்கே என்பதை மட்டும் அவர் சொன்னதில்லை. கேட்டுக்கு உள்ளே பத்தடியில் தரையில் ஒரு மஞ்சள் கோடு உண்டு. சேஃப்டி ஷூ இல்லாமல் அதைத் தாண்டக் கூடாது. ஷூ வைக்கும் அலமாரியும் விரல் வைத்து வருகை பதியும் மெஷினும் கோட்டுக்கு அந்தப் பக்கம். அலமாரியில் இருக்கிற ஷூவை எடுக்க வேண்டுமானால் காலில் ஷூ இருக்க வேண்டும். கோட்டுக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து மாற்ற ஒரு பெஞ்சுகூடக் கிடையாது. அதனால் நானூறு பேரும் வீட்டிலேயே மாட்டிக்கொண்டு அதே ஷூவோடு வண்டியை மிதித்துக்கொண்டு வந்தார்கள். சேஃப்டி ஆபீசர் இதைத் தினமும் தன் கார்க் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டுதான் வந்தார்.

மற்றவர்களுக்கு அவரவர் அளவு ஷூ. விரல் எங்கே முடிகிறது, தொப்பி எங்கே முடிகிறது என்று காலுக்குத் தெரியும். அக்காவுக்கு விரலுக்கும் தொப்பிக்கும் நடுவே இரண்டு விரற்கடை சாக்ஸ். மெக்கானிக்கிடம் சொல்லி லீவரை ஒரு பல் மேலே தூக்கி மாட்டினாள். அப்படியும் சில நாள் முனை உள்ளே போய்ச் செருகிக்கொள்ளும். காலைப் பின்னால் இழுத்து, கொஞ்சம் வெளியே திருப்பி எடுக்க வேண்டும். அதற்கு ஒரு நொடி ஆகும்.

மழை பெய்து விட்டிருந்த ஒரு காலையில் அந்த ஒரு நொடி அவளுக்குக் கிடைக்கவில்லை. கேட்டைத் தாண்டிக் கொஞ்சம் உள்ளே செக்யூரிட்டி தடுப்பை இறக்கியிருந்தார். முன்னால் நின்ற லாரிக்குப் பின்னால் அவள் பிரேக் பிடித்து நிறுத்தினாள். வண்டி இடது பக்கம் சாய்ந்தது. ஊன்றுவதற்கு இடது கால் வரவில்லை. லீவருக்கு அடியில் ஷூ அப்படியே நின்றது, அதற்குள்ளே கால் மட்டும் திரும்பியது. வண்டியோடு விழுந்தாள். ஓடி வந்து தூக்கியவர்கள் பார்க்கும்போது முன்சக்கரம் கேட்டுக்கு உள்ளே இருந்தது, பின்சக்கரம் வெளியே.

கணுக்கால் இரண்டு இடத்தில் முறிந்து, தகடு வைத்து ஆறு திருகு போட்டார்கள். ஆஸ்பத்திரியில் இடது ஷூவைக் கத்தரித்துத்தான் கழற்ற முடிந்தது. இரும்புத் தொப்பியில் ஒரு நெளிவும் இல்லை. அது தன் வேலையை ஒழுங்காகச் செய்து பழைய சாக்ஸைக் காப்பாற்றியிருந்தது. கத்தரித்ததைக் குப்பையில் போட்டுவிட்டு, வலது ஷூவை மட்டும் ஒரு பையில் போட்டு மகள் கையில் கொடுத்தார்கள்.

விசாரணை இருக்கிறது என்று சூப்பர்வைசர் வீட்டுக்கு வந்து சொன்னார். நல்ல மனிதர், உள்ளதை உள்ளபடி சொன்னார். கம்பெனி பக்கம் தப்பு என்றால் கம்பெனிதான் அவளைப் பார்த்துக்கொள்ள வேண்டும், கால் தேறும்வரை மூடி எண்ணும் பிரிவில் உட்கார்ந்து செய்கிற வேலை கொடுப்பார்கள். அவளுடைய கவனக்குறைவு என்று எழுதிவிட்டால் அதோடு கான்ட்ராக்ட் முடிந்தது. நாள் முழுக்க நிற்க முடியாத காலோடு வேறெங்கே போய் வேலை கேட்பது என்பதை அவரும் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை.

விசாரணைக்கு முந்தின நாள் சாயங்காலம் தம்பி வந்தான். ஆப்பிள் வாங்கி வந்திருந்தான். கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து மாவுக்கட்டைப் பார்த்தான், சுவரைப் பார்த்தான், மருமகளிடம் பரீட்சை எப்போது என்று விசாரித்தான். பிறகு அந்த இன்னொரு ஷூ எங்கே என்று கேட்டான்.

அக்காவுக்குப் புரிந்துவிட்டது. அந்த ஷூவின் அடிப்பக்கத்தில் எட்டு என்று கட்டை விரல் அகலத்துக்குப் புடைத்துக்கொண்டிருக்கும்.

"அது வெளிய போனா என் வேலை போயிடும்க்கா. பொய்யா எழுதினேன்னு ஆயிடும். எனக்கும் ரெண்டு பிள்ளைங்க இருக்கு" என்றான். பிறகு அவளுக்கு நெருக்கமாக நகர்ந்தான். "நீ ஒண்ணும் பேச வேணாம். நான் பேசிக்கறேன். தரை வழுக்கினதுன்னு சொல்றேன். மாத்திக்க இடமே இல்ல, எல்லாரும்தான் அப்படி வர்றாங்கன்னு சொல்றேன். உனக்கு உக்காந்து செய்யற வேலை நான் வாங்கித் தர்றேன். என்மேல நம்பிக்கை இல்லையா?"

நம்பிக்கை இல்லையென்று எந்த அக்காவால் சொல்ல முடியும்? மகளைப் பார்த்து அதை எடுத்துவா என்றாள். மகள் அசையாமல் நின்றாள். இரண்டாவது தடவை சொன்ன பிறகுதான் பையைக் கொண்டு வந்தாள். கொடுப்பதற்கு முன் ஷூவுக்குள் கையை விட்டுச் சுருட்டி வைத்திருந்த சாக்ஸை ஒவ்வொன்றாக வெளியே எடுத்தாள்.

"ஷூதானே மாமா உங்களுக்கு வேணும். சாக்ஸ் என்னோடது" என்றாள்.

தம்பி சிரிக்கப் பார்த்தான், வரவில்லை. பையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போய்விட்டான்.

மறுநாள் விசாரணை அறையில் அவளுக்கு ஒரு நாற்காலியும் அவள் காலுக்கு ஒரு நாற்காலியும் போட்டிருந்தார்கள். மேஜைக்கு அந்தப் பக்கம் சேஃப்டி ஆபீசர், பர்சனல் மேனேஜர் அம்மா, கான்ட்ராக்டரின் ஆள். தம்பி ஓரமாக மடியில் ரெஜிஸ்டரோடு உட்கார்ந்திருந்தான். அவள் பக்கம் திரும்பவில்லை. இடம் தெரிந்து நடந்துகொள்கிறான், உறவைக் காட்டிக்கொண்டால் அவன் பேச்சு எடுபடாது என்று அக்கா தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள்.

மேனேஜர் அம்மா கேட்டதற்கு எல்லாம் அவள் சுருக்கமாகப் பதில் சொன்னாள். கால் மாட்டிக்கொண்டது, விழுந்தேன். ஏன் மாட்டிக்கொண்டது? தெரியவில்லை. ஷூ சரியான அளவுதானா? அந்தக் கேள்விக்கு அவள் தம்பியைப் பார்த்தாள். அவன் எழுந்து ரெஜிஸ்டரைப் பிரித்து மேஜைமேல் வைத்தான். ஐந்து. அவளுடைய கையெழுத்து. மூன்று பேரும் எட்டிப் பார்த்துத் தலையாட்டினார்கள். சரி, இதுவரை பேசிவைத்தபடிதான். இனி அவன் தரை வழுக்கியதைச் சொல்லுவான், மாற்றிக்கொள்ள இடமில்லாததைச் சொல்லுவான் என்று அவள் காத்திருந்தாள்.

இதைப் போட்டுக்கொண்டு வண்டி ஓட்டக் கூடாது என்று ஷூ கொடுக்கும்போது எச்சரித்தீர்களா என்று சேஃப்டி ஆபீசர் அவனைக் கேட்டார். ரெஜிஸ்டரில் அதற்கு ஒரு கட்டமும் கிடையாது. தெரியாது என்று சொல்லியிருக்கலாம். நினைவில்லை என்று சொல்லியிருந்தால்கூட அவன் தலை போயிருக்காது.

"தெளிவா சொல்லித்தான் சார் குடுத்தேன்" என்றான் தம்பி. "அந்தம்மாதான் கேக்கல."

அந்தம்மா. கால் முறிந்தபோதுகூட இப்படி வலிக்கவில்லை என்று யாராவது சொன்னால் அது கதைக்காகச் சொல்வது என்று அக்காவே சிரித்திருப்பாள். ஆனால் அப்படித்தான் வலித்தது. பொய் சொல்லிவிட்டுப் போகட்டும், அவளும்தான் கையெழுத்துப் போட்டுப் பொய் சொன்னாள். ஆனால் தூக்கி வளர்த்தவளை வழியில் போகிற யாரோ போல அந்தம்மா என்று சொல்ல அவன் வாய்க்கு ஒரு தடுமாற்றமும் இல்லை. நீங்கள் ஏதாவது சொல்ல வேண்டுமா என்று மேனேஜர் அம்மா இரண்டு தடவை கேட்டார். சொல்வதற்குக் கையில் என்ன இருக்கிறது? இருந்த ஒன்றையும் சாக்ஸை எடுத்துவிட்டுக் கொடுத்தாயிற்று.

நான்காம் நாள் கடிதம் வந்தது. சொந்தக் கவனக்குறைவு. கம்பெனிப் பொருட்களை ஒப்படைத்து ஒவ்வொரு பிரிவிலும் கையெழுத்து வாங்கிக்கொண்டு போகவும்.

வாடகை வண்டியில் மகளோடு போனாள். மகளைக் கேட்டுக்கு உள்ளே விடவில்லை. அக்கா ஒரு காலில் செருப்பும் ஒரு காலில் மாவுக்கட்டுமாக ஊன்றுகோலை வைத்து மஞ்சள் கோட்டைத் தாண்டினாள். செக்யூரிட்டி அந்த நேரம் பார்த்து வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். அந்த இடத்தில் அவளுக்கு ஒருவர் செய்த கடைசி உதவி அது.

ஹெல்மெட், கையுறை, அடையாள அட்டை எல்லாம் கொடுத்தாயிற்று. கடைசியாக ஸ்டோர். தம்பி தனியாக இருந்தான். அவளைக் கண்டதும் எழுந்து ஸ்டூலை இழுத்துப் போட்டான்.

"உக்காருக்கா" என்றான்.

அவள் உட்கார்ந்தாள். பதிவுப்படி அவள் ஒரு ஜோடி ஐந்தாம் நம்பர் ஷூ திருப்பிக் கொடுக்க வேண்டும். அதைப் பற்றி நீ கவலைப்படாதே என்று அவன் அவசரமாகச் சொன்னான். உள்ளே போய் அலமாரியின் கீழ்த்தட்டிலிருந்து ஒரு அட்டைப்பெட்டியை எடுத்து வந்து மேஜைமேல் வைத்தான். புத்தம் புது ஐந்தாம் நம்பர் ஷூ. இதையே நீ திருப்பிக் கொடுத்ததாக எழுதிக்கொள்கிறேன், யாருக்கும் தெரியாது என்றான். ஏதோ பெரிய உபகாரம் செய்கிறவன் மாதிரி முகம் மலர்ந்திருந்தது.

பெட்டியின்மேல் தூசு படிந்திருந்தது. பக்கவாட்டில் சரக்கு வந்த தேதி எழுதிய சீட்டு ஒட்டியிருந்தது, தம்பியின் கையெழுத்தில். அக்கா அந்தத் தேதியை ஒருமுறை படித்தாள். விரலை மடக்கி மாதத்தை எண்ணிப் பார்த்தாள். அவள் வேலையில் சேர்ந்த மூன்றாம் மாதம்.

"ஏழு மாசமா இங்கதான் இருந்துச்சா?"

அவன் முகத்தில் ஈயாடவில்லை. ரெஜிஸ்டரில் நம்பர் அடித்திருக்கிறது, எழுத வழியில்லை, அதை முன்பே சொன்னேனே என்று முணுமுணுத்தான். அவள் செருப்பைக் கழற்றிவிட்டு வலது ஷூவை எடுத்துக் காலில் மாட்டினாள். இழுத்துப் பிடிக்காமல், தொளதொளக்காமல் கால் உள்ளே போய் உட்கார்ந்தது. பெருவிரல் நுனியில் இரும்பு தொட்டது. பத்து மாதம் சேஃப்டி ஷூ போட்டு நடந்தும், அந்த இரும்பு எங்கே இருக்கும் என்று அவள் விரலுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. ஆஸ்பத்திரியில் அழாதவளுக்கு, விசாரணையில் அழாதவளுக்கு, அங்கே ஸ்டூலில் உட்கார்ந்து அழுகை வந்தது.

"அக்கா" என்றான் அவன்.

"அந்தம்மான்னே கூப்பிடு. எங்க கையெழுத்துப் போடணும், சொல்லு."

ஷூவைக் கழற்றிப் பெட்டியில் வைத்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அவன் ரெஜிஸ்டரைத் திருப்பி வைத்து, ஒப்படைத்தவர் என்ற இடத்தைக் காட்டினான். அளவுக் கட்டத்தை இந்த முறை எழுதாமல் விட்டிருந்தான். அவள் பேனாவை வாங்கி அதில் எட்டு என்று எழுதினாள். குழாயில் குறி போடுகிற மாதிரி, தூரத்திலிருந்து பார்த்தாலும் தெரிகிற அளவுக்குப் பெரிதாக எழுதினாள். மேலே ஐந்து கொடுத்ததாகவும் கீழே எட்டு திரும்ப வாங்கியதாகவும் ஒரே பக்கத்தில் நின்றது. அதன் கீழே முழுப்பெயரையும் எழுதிக் கையெழுத்துப் போட்டாள். ரெஜிஸ்டரை என்றைக்காவது ஒருவர் பிரித்துப் பார்த்து ஏன் என்று கேட்கட்டும். கேட்காமலும் போகட்டும். உண்மை ஒரு இடத்திலாவது மையில் இருக்கட்டும் என்று நினைத்தாள்.

தம்பி அந்த எட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு அவளுடைய சீட்டில் மட்டும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தான்.

ஊன்றுகோலை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள். நாலைந்து எட்டுகூட வைத்திருக்க மாட்டாள். பின்னால் ஸ்டோருக்குள்ளிருந்து தாள் கிழியும் சத்தம் வந்தது. மெதுவாக, ஓரம் பிசிறாமல், மேலிருந்து கீழ்வரை கிழிகிற சத்தம். நம்பர் அச்சடித்த பக்கம்தான். கிழிப்பது அவனுக்கு அப்படி ஒன்றும் கஷ்டமாக இருக்கவில்லை.